பதினேழு வருடம் ஒரு மாதம்

தொடை எலும்பிலிருந்து அறுத்தெடுத்த துண்டு இரண்டு கிராம் இருந்தது. கண்ணாடிக் குப்பியில் எண் ஒட்டி, அரக்கு முத்திரை வைத்து அனுப்பியிருந்தார்கள். கூட வந்த படிவத்தில் பெயர் சலோமி. ஊர் ஆம்பூருக்கு அருகே ஒரு தோல் தொழிற்சாலைக் குடியிருப்பு. காணாமல்போய் ஒன்பது வருடம். மூடிக்கிடந்த தோல் ஷெட் ஒன்றை இடித்தபோது சுண்ணாம்புத் தொட்டிக்குள் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. அவை அவளுடையவைதான் என்று மரபணுச் சோதனை உறுதி செய்திருந்தது. எங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான். இறக்கும்போது வயது என்ன?

நான்கு வருடங்களாக நான் பதில் சொல்லிவரும் கேள்வி அது. முந்நூற்றுப் பன்னிரண்டு அறிக்கைகள் எழுதியிருக்கிறேன். முதல் இருபது முப்பது பெயர்கள் நினைவிருக்கின்றன. பிறகு வந்தவை எண்கள்.

எலும்பை அமிலத்தில் போட்டு ஒரு நாள் முழுக்கச் சூடாக்க வேண்டும். கரைந்தபின் அதிலிருந்து கொலாஜன் என்ற நார்ப்புரதத்தின் குறுக்குப் பிணைப்புகளை மட்டும் பிரித்து நிறைமானிக்குள் செலுத்த வேண்டும். கருவி ஒவ்வொரு மூலக்கூறையும் எடை போடும். நான் கண்டுபிடித்தது, ஒரே எடையுள்ள இரண்டு பிணைப்புகளை. தராசுக்கு அவை ஒன்றுதான். கருவிக்குள் மோதி உடைத்தால் துண்டுகள் வேறு வேறாக விழும். துண்டுகளை வைத்து அமைப்பை எழுதினேன். அமைப்பு தெரிந்தபின், முதலாவது இரண்டாவதாக மாறுகிறது என்பதும், உயிருள்ள உடம்பில் அது ஒரே வேகத்தில் நடக்கிறது என்பதும் தெரிந்தது. எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தால் எவ்வளவு நாள் வாழ்ந்தார்கள் என்று சொல்லிவிடலாம். எட்டு மாதத்துக்கு மேல் தவறாது. நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன. எனக்குத் தனி அறை கொடுத்தார்கள்.

"மேடம், இதுக்கும் ஜூன் ஒண்ணாம் தேதி" என்றார் ஜாபர். கருவியைப் பார்த்துக்கொள்பவர். படிவத்திலிருந்து பிறந்த தேதியைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். "தமிழ்நாட்டுல பாதி பேரு ஜூன் மாசம் பொறந்திருக்கான். கேக் கடைக்காரனுக்கு மட்டும் தெரியல."

"எனக்கு ஜூன் மூணு."

"உங்க ஹெட்மாஸ்டர் கொஞ்சம் யோசிச்சுப் போட்டிருக்காரு."

ஜாபர் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். திரையில் இரண்டு முகடுகள் எழுந்து நின்றன. கீழே எண் வந்தது. பதினேழு வருடம், ஒரு மாதம்.

படிவத்தின்படி காணாமல்போன அன்று அவளுக்குப் பதினைந்து வருடம் இரண்டு மாதம்.

ஜாபர் சிரிப்பை நிறுத்திவிட்டு வழக்குக் குறிப்பை எடுத்து வாசித்தார். தானியேல், தாய்மாமன். அதே தோல் ஷெட்டில் வேலை. அவன் பெண் கேட்க, அக்கா தரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். சலோமி அவன் சைக்கிளில் ஏறிப் போனதுதான் கடைசியாக ஊர் பார்த்தது. அவன் லுங்கியில் ரத்தம். ஆட்டுத்தோல் ரத்தம் என்று அவன் சொன்னது எடுபடவில்லை. பதினோராம் நாள் கைது. அக்காவே கூண்டேறி, 'என் தம்பிதான் கொன்னான்' என்று சாட்சி சொன்னாள். ஆயுள் தண்டனை. அன்று உள்ளே போனவன் ஒரு நாள்கூட வெளியே வரவில்லை.

"அப்படின்னா இவன் உள்ள இருக்கும்போது அந்தப் பொண்ணு ரெண்டு வருஷம் வெளிய உயிரோட இருந்திருக்கு" என்றார் ஜாபர்.

"மாதிரி சுண்ணாம்புல கிடந்தது. திரும்ப ஓட்டுங்க."

மூன்று முறை ஓட்டினார். தோல் பதனிடும் ரசாயனங்கள் போடும் பிணைப்புகள் தனியாக, வேறு எடையில், வேறு இடத்தில் நின்றன. அவற்றால் குழப்பம் இல்லை. எண் மாறவில்லை. அறிக்கையில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மதியம் சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

எஸ்தர் வந்தது அதற்கு அடுத்த வாரம். சலோமியின் அம்மா. பொதுவாக உறவினர்களை உள்ளே விடுவதில்லை. வாசலில் காவலாளியோடு அவள் இரண்டு மணி நேரம் பேசாமல் நின்றிருக்கிறாள். அதைத் தாங்க முடியாமல் அவரே என்னைக் கூப்பிட்டார்.

ஐம்பது வயதிருக்கலாம். விரல் நகங்கள் பழுப்பேறித் தடித்திருந்தன. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"இன்னாமோ மிஷின் என் தம்பிய வுட்டுடச் சொல்லுதாமே" என்றாள்.

"மெஷின் அப்படிச் சொல்லலம்மா. வயசு மட்டும்தான் சொல்லுச்சு."

"எலும்பப் பாத்து எப்பிடி வயசு சொல்லுவீங்க? அது இன்னா பேசுதா?"

"எலும்புக்குள்ள கயிறு மாதிரி ஒரு பொருள் இருக்கு. தோல்லயும் அதுதான் இருக்கு."

"தோலு எங்களுக்குத் தெரியும்மா. பச்சத்தோல சுண்ணாம்புல போட்டா மயிரு வுட்டுடும். குரோம் உப்புல போட்டாத்தான் அழுவிப் போவாது."

"குரோம் என்ன பண்ணுது தெரியுமா? அந்தக் கயிறுங்களைக் குறுக்கால முடிச்சுப் போட்டுக் கட்டுது. நம்ம உடம்பும் தானாவே அந்த மாதிரி முடிச்சுப் போடும். வயசாக ஆக முடிச்சு கூடும்."

"அதான் கெழட்டு மாட்டுத் தோலு முரடா கீது" என்றாள். "கன்னுக்குட்டித் தோலு கையில எடுத்தா துணி மாதிரி வழியும்."

இவ்வளவு சீக்கிரம் யாரும் புரிந்துகொண்டதில்லை. நான் மேலே சொன்னேன். "அந்த முடிச்சுல ஒரு வகை, கொஞ்சங் கொஞ்சமா இன்னொரு வகையா மாறும். உடம்பு சூடு இருக்கிற வரைக்கும்தான். ஆறிட்டா நின்னுடும். எங்க நின்னிருக்குன்னு பாக்கறோம்."

"என் பொண்ணுக்கு எங்க நின்னுச்சு?"

"பதினேழு வருஷம் ஒரு மாசத்துல."

அவள் உதடுகள் அசைந்தன. மனதுக்குள் கூட்டிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பிறகு கேட்டாள்.

"அப்ப போனப்புறம் ரெண்டு வருஷம் இருந்துக்கிறாளா?"

"சர்டிபிகேட்ல இருக்கிற தேதி சரின்னா, கிட்டத்தட்ட ரெண்டு வருஷம்."

"எங்க இருந்தா?"

"அது தெரியாது."

"எப்ப செத்தான்னு வருஷம் சொல்லுமா உன் மிஷின்?"

"இல்லம்மா. எவ்வளவு காலம் வாழ்ந்தாங்கன்னு மட்டும்தான் சொல்லும்."

அவள் முகத்தில் ஏதோ தளர்ந்தது. முதன்முறையாக நாற்காலியில் முதுகைச் சாய்த்தாள். பேச ஆரம்பித்தாள். சலோமி அவளுக்குத் தலைப்பிள்ளை, ஒரே பிள்ளை. புருஷன் சீக்கிரம் போய்விட்டான். விட்டுவிட்டுப் போக ஆளில்லாமல் தோல் ஷெட்டுக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவாளாம். காயப்போட்ட தோல்களுக்கு நடுவே அது ஓடி விளையாடும்.

"ஸ்கூல்ல சேக்கப் போனப்ப ஹெட்மாஸ்டரு, கையத் தலைக்கு மேல சுத்திக் காதத் தொடுன்னாரு. இவ காதத் தாண்டி கன்னத்தப் புடிச்சிட்டா. 'அடேயப்பா, இது நேரா அஞ்சாங்கிளாஸ் போலாம் போல கீதே'ன்னு சிரிச்சாரு. சிரிச்சிக்கினே ஒரு தேதியப் போட்டாரு..."

அங்கே நிறுத்திவிட்டாள்.

ஐந்து வயதுக் குழந்தைக்குத் தலைக்கு மேலாகக் கை சுற்றினால் காதின் நுனி எட்டும். அதுதான் கணக்கு. கன்னத்தைப் பிடித்த குழந்தைக்கு ஆறரை, ஏழு வயதாவது இருக்க வேண்டும். தலைமை ஆசிரியர் ஐந்து என்று எழுதிவிட்டார். ஒன்றாம் வகுப்பில் சேரும் எல்லாக் குழந்தைக்கும் அவர் ஐந்துதான் எழுதியிருப்பார்.

அப்படியென்றால், காணாமல்போன அன்று சலோமிக்குப் பதினைந்து வயதில்லை. ஏறக்குறைய பதினேழு. எலும்பு நின்ற இடமும் அதுதான். இரண்டு வருடம் என்று ஒன்று இருக்கவேயில்லை. சைக்கிளில் ஏறிப் போனவள், போன கொஞ்ச நாளிலேயே, அநேகமாக அன்றைக்கே முடிந்துபோயிருக்கிறாள்.

கருவி சரியாகத்தான் சொல்லியிருந்தது. நான் படிவத்தில் இருந்த தேதியை வைத்துக் கழித்திருந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு முறையும் அப்படித்தான் கழித்திருக்கிறேன்.

நான் கணக்குப் போடுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுவியா?" என்றாள்.

"என்கிட்ட எலும்போட வயசு மட்டும்தான் கேட்டாங்க."

"அப்ப எழுத மாட்ட."

"உங்க தம்பி வெளிய வந்துடுவாரும்மா. நீங்கதானே அவர் மேல..."

"தெரியும்." புடவைத் தலைப்பை உதறி எழுந்தாள். "ஒம்பது வருஷமா தெனம் அந்தத் தொட்டியத் தாண்டித்தான் வேலைக்குப் போய் வந்தேன். அவ அதுக்குள்ள கீறான்னு தெரியாது. ரெண்டு வருஷமாவது எங்கியோ சோறு துன்னுட்டு, தூங்கி எழுந்துட்டு இருந்தான்னு ஒரு கவர்மெண்டு மிஷினு சொல்லுது. நான் எதுக்கு இல்லன்னு சொல்லணும்?"

வாசல்வரை போனவள் திரும்பி, "தண்ணி இருந்தா குடு" என்றாள். கொடுத்தேன். முழு டம்ளரையும் நின்றபடி குடித்துவிட்டுப் போனாள்.

தானியேலின் மேல்முறையீட்டு வழக்கு மூன்று வாரத்தில் வந்தது. சாட்சி சொல்ல என்னை அழைத்திருந்தார்கள். தானியேல் இரண்டு காவலர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். நாற்பத்தைந்து வயது என்றது கோப்பு. தலை முழுக்க நரைத்திருந்தது. எஸ்தர் எதிர்ப் பக்கம். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

நீதிபதி பொறுமையானவர். முறையை ஒரு முறை விளக்கச் சொன்னார். விளக்கினேன்.

"எட்டு மாசத்துக்கு மேல தவறாதுங்கறீங்க?"

"தவறாது."

"குறைச்சலா வெச்சுப் பாத்தாலும், இந்தப் பெண் காணாமல்போய் ஒரு வருஷத்துக்கு மேல உயிரோட இருந்திருக்கணும். சரிதானா?"

"சான்றிதழில் உள்ள தேதியை அடிப்படையாக வைத்தால், சரி."

அந்த முதல் பாதியை அவர் கவனிப்பார் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். எழுதிக்கொண்டிருந்தார். "வேற ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கா?"

எஸ்தர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு கோப்புகள் என் அறை அலமாரியில் வரிசையாக நிற்பது தெரிந்தது. இந்த ஒன்றைத் திறந்தால் மற்றவையும் திறக்கும். அவளுக்காகத்தான் வாயை மூடினேன் என்று பிறகு பல முறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"இல்லை" என்றேன்.

அப்போதுதான் தானியேல் எழுந்தான்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்."

"உக்காருங்க, உக்காருங்க" என்று அவனுடைய வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தார். "எல்லாம் முடிஞ்சுது."

"அவளுக்குப் பதினஞ்சு இல்லீங்க. பதினேழு நடந்துக்கினு இருந்துச்சு. பாலாத்துல தண்ணி வந்துச்சே, அந்த மாசம் பொறந்தா. மருத்துவச்சிய நான்தான் இடுப்பளவு தண்ணில தோள்ல தூக்கிக்கினு வந்தேன். ஸ்கூல்ல கம்மியாப் போட்டுட்டாங்க."

நீதிமன்றத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அரசு வக்கீல் வேகமாக எழுந்தார். பாலாற்றில் தண்ணீர் வருவது அந்தப் பக்கத்தில் பத்திருபது வருடத்துக்கு ஒரு முறை நடப்பது. அந்த மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

நீதிபதி பேனாவை வைத்தார். "நீங்க என்ன சொல்றீங்கன்னு புரிஞ்சுதான் சொல்றீங்களா? அப்படி இருந்தா இந்த அறிக்கை உங்களுக்கு எதிராப் போகும்."

"தெரியும் ஐயா."

"நீங்கதான் அந்தப் பெண்ணைக் கொன்னீங்களா?"

"அவ வயசச் சொன்னேன்" என்றான் தானியேல். "அது பொய்யா இருக்கக் கூடாது."

எஸ்தரை அழைத்தார்கள். கூண்டில் ஏறினாள். ஒன்பது வருடத்துக்கு முன் ஏறியதும் இப்படித்தான் இருந்திருக்கும், அவசரமில்லாமல்.

"உங்க தம்பி சொல்றது உண்மையா அம்மா? பாலாத்துல வெள்ளம் வந்தப்போ பிறந்தது சலோமியா?"

"இல்லீங்க ஐயா" என்றாள் எஸ்தர். "அது என் மொதப் பிள்ள. ஆம்பளப் பிள்ள. தண்ணி வந்தப்ப பொறந்தான். பதினோரு நாள்தான் இருந்தான். அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சித்தான் இவ. ஜெயில்ல இருந்து இருந்து என் தம்பி ரெண்டு பேத்தையும் மாத்திக்கினான்."

"அந்தக் குழந்தைக்குப் பேர் வெச்சிருந்தீங்களா?"

ஒரு நொடிகூட ஆகவில்லை. "மோசேன்னு வெச்சோம் ஐயா. தண்ணில வந்தவன்னு."

நான் தானியேலைப் பார்த்தேன். இல்லாத அக்கா மகனின் பெயரை அவன் அப்போதுதான் கேட்கிறான். வாய் திறந்திருந்தது. பிறகு மெதுவாக மூடியது. மெல்ல உட்கார்ந்தான்.

தீர்ப்பு அன்று மாலைக்குள் வந்துவிட்டது. பள்ளிச் சான்றிதழ் ஆவணம். தாயின் வாக்குமூலம் அதனோடு பொருந்துகிறது. அறிவியல் அறிக்கை ஐயத்துக்கு இடமற்றது. நீண்ட சிறைவாசத்தால் மனம் சோர்ந்த ஒருவர் தனக்கு எதிராகவே பேசுவது புதிதல்ல; அவருடைய நினைவை ஒரு துல்லியமான கருவிக்கு மேலாக வைக்க முடியாது. விடுதலை. சலோமியின் மரணம் குறித்துப் புதிதாக விசாரிக்கவும் ஓர் உத்தரவு இருந்தது. அப்படி உத்தரவிடப்படும் விசாரணைகள் என்ன ஆகும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

வக்கீல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மேடம், ஒரு அப்பாவிய மீட்டுட்டீங்க." அவர் கை சூடாக இருந்தது. என் கையை எப்போது விடுவார் என்று காத்திருந்தேன்.

வீட்டுக்குப் போய் ஒரு புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரே பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் இன்னொரு மாதிரி வந்தது. படிவத்தில் தேதி ஜூன் ஐந்து. ஜாபர் அதைக் கணினியில் ஏற்றினார்.

சோதனைக்கு மிஞ்சிய எலும்பை உறவினரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. வழக்கு முடிந்ததும் மற்ற எலும்புகளும் எங்கள் குளிர் அறைக்கு வந்திருந்தன. பதினைந்து நாள் கழித்து எஸ்தர் வந்தாள். பின்னால் தானியேல். புதுச் சட்டை. மடிப்பு கலையாமல் நின்றது. அவள்தான் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்.

ஜாபர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "கனமா இருக்காதும்மா" என்றார். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல் கண்ணாடியைத் துடைத்தார்.

எஸ்தர் கைநாட்டு வைத்தாள். சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றேன். தானியேல் போட்டான். அதற்கு மேலே நான் நிரப்பிவைத்திருந்த வரியை ஒரு முறை வாசித்தான். இறக்கும்போது வயது: பதினேழு. பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அவன் அறிந்த வயதும் அதுதான். நீதிமன்றத்தில் நான் ஏன் சொல்லவில்லை என்று அவன் கேட்க நினைத்தது எனக்குப் புரிந்தது.

"அக்கா" என்றான் மெதுவாக. "நீ கோர்ட்டுல ஏன் அப்பிடிச் சொன்ன?"

எஸ்தர் பெட்டியை மடியில் வைத்து, புடவைத் தலைப்பால் சுற்றிக்கொண்டிருந்தாள். முடிச்சுப் போட்டு முடித்தாள்.

"வண்டி எத்தன மணிக்கு?"

"ரெண்டு மணிக்குன்னு சொன்னாங்க. ஊரு போய்ச் சேர நாலு மணி நேரம் ஆவும்."

"போதும்" என்றாள். "சொல்லிக்கினே வா."

"இன்னாத்த?"

"அந்த ரெண்டு வருஷத்த. எங்க இருந்தா, இன்னா வேல பாத்தா, கூட யாரு இருந்தாங்க. ஒண்ணு வுடாம சொல்லணும். இன்னிக்கி முடியலன்னா நாளைக்கி. உனக்கு வேற வேல கிடையாது."

"எனக்கு எப்பிடிக்கா..."

"நீதான் சொல்லணும், தானியேலு" என்றாள். குரலை உயர்த்தவில்லை. தம்பியை அவள் பெயர் சொல்லி அழைத்ததை அன்றுதான் கேட்டேன். "வேற யாரு சொல்லுவா?"

ஜாபர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். தானியேல் நின்றுகொண்டே இருந்தான். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் தடவினான். அவன் மறுத்துவிடுவான் என்று நினைத்தேன். அழுவான் என்றும் நினைத்தேன். அவன் குனிந்து, அக்கா மடியிலிருந்த பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். கதவைத் தாண்டும்போது அவன் குரல் கேட்டது.

"ஓசூர்ல இருந்தா" என்றான். "ஒரு பூ கம்பெனில."

"இன்னா பூ?" என்று கேட்டாள் எஸ்தர்.